ஒரு மெயிலுக்கு ஒரே பெயர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மெயிலோடு மறைவாக வரும் விவர வரிகளான ஹெட்டர்களைத் திறந்து பார்ப்பது பற்றி எழுதியபோது, ஒவ்வொரு மெயிலுக்கும் தனிப் பெயராக இருக்கும் ‘மெசேஜ் ஐடி’ என்ற வரியை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சந்தோஷமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் மெயில் சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாகைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தேன். அந்த லாகில் நான் அதிகம் தேடியது இந்த ஐடியைத்தான். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

அக்கா, எங்கள் ஊர்க் கடைகளுக்காக பில் அனுப்பும் சாஃப்ட்வேர் ஒன்றை பைத்தானில் எழுதியிருக்கிறேன். பில் நம்பர் திரும்ப வராது என்ற தைரியத்தில் அதையே மெசேஜ் ஐடியாக வைத்தேன். பில் ஒழுங்காகப் போகிறது. இரண்டு நாள் கழித்து அனுப்பும் நினைவூட்டல் மட்டும் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவே இல்லை. எங்கள் லாகில் எல்லாமே போய்விட்டதாகத்தான் இருக்கிறது. எங்கே தொலைகிறது?
*ராஜபாளையம் வாசகர்*

தம்பி, வழியில் எதுவும் தொலையவில்லை. மெயில் வீட்டு வாசல் வரை போயிருக்கிறது. ‘இது நேற்று வந்த கடிதம்தானே’ என்று வாசலில் இருந்தவர் ஒதுக்கிவிட்டார்.

பில் நம்பர் பில்லுடைய பெயர். மெசேஜ் ஐடி மெயிலுடைய பெயர். ஒரே பில்லைப் பற்றி நீங்கள் மூன்று மெயில் அனுப்பலாம்: முதலில் பில், பிறகு நினைவூட்டல், பணம் வந்ததும் ரசீது. பில் ஒன்று, கடிதங்கள் மூன்று. ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆவணங்கள். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5322, இன்றைக்கும் மெயிலின் வடிவத்துக்கு ஆதாரமான ஆவணம், இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு ஐடி ஒரு மெயிலின் ஒரே ஒரு வடிவத்தைத்தான் குறிக்க வேண்டும். திருத்தி மறுபடி அனுப்பினால் புது ஐடி.

வாங்குகிற பக்கம் இதை நம்பித்தான் வேலை செய்கிறது. சைரஸ் ஐமேப் என்ற மெயில் பெட்டி சர்வரில் ஒரே ஆளுக்கு ஒரே ஐடியோடு இரண்டாவது முறை வரும் மெயிலைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் வசதி உண்டு. மெயிலை வடிகட்ட எழுதும் சீவ் விதிகளிலும் இரட்டை மெயிலைக் கண்டுபிடிக்கும் சோதனை 2014இல் சேர்ந்தது; நாம் வேறு எதையும் சொல்லாவிட்டால் அது பார்ப்பது மெசேஜ் ஐடியைத்தான். சில சர்வர்கள் இப்படிப் பார்க்கும், சில பார்க்காது. பார்க்கிற சர்வரும் பழைய ஐடியைச் சில நாள்தான் ஞாபகம் வைத்திருக்கும். சிலருக்கு வந்து சிலருக்கு வராமல் போனதன் காரணம் இதுவே. உங்கள் லாகும் பொய் சொல்லவில்லை. எதிர் சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்னது உண்மைதான்.

சரி, மாற்று என்ன? பைத்தானிலேயே ‘மேக்_எம்எஸ்ஜிஐடி’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு வரை நேரம், ஓடும் புரோகிராமுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் ப்ராசஸ் எண், 64 பிட் ரேண்டம் எண் மூன்றையும் கோத்து ஐடி தரும். அதற்கு உங்கள் டொமைன் பெயரையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டரின் முழுப் பெயர் என்னவென்று அதுவே தேடப் போகும். பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் சரியாக அமையாத இடத்தில் ஒவ்வொரு மெயிலுக்கும் சில நொடிகள் அங்கேயே நின்றுவிடும்.

எது முக்கியமென்றால், அந்த ஐடியை எப்போது உருவாக்குகிறீர்கள் என்பதுதான். அனுப்பும் நேரத்தில் உருவாக்காதீர்கள். மெயிலை எழுதி முடித்த உடனே உருவாக்கி, டேட்டாபேஸில் பில்லுக்குப் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மெயில் அனுப்புவதில் ஒரு இருட்டு மூலை இருக்கிறது. மெயில் முழுவதையும் கொடுத்து, மெயில் முடிந்தது என்று காட்டும் கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு, ‘சரி, வாங்கிக்கொண்டேன்’ என்ற பதிலுக்காகக் காத்திருப்போம். அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால், எதிர் சர்வர் வாங்கியதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. விதிப்படி அந்த இடத்தில் 10 நிமிஷம் பொறுக்க வேண்டும். நாம் எழுதும் புரோகிராமில் 30 நொடி என்று வைத்துவிடுகிறோம். அப்புறம் மறுபடி அனுப்புகிறோம், அவருக்கு இரண்டு மெயில் போகிறது. 1988லேயே க்ரெய்க் பார்ட்ரிட்ஜ் இந்த ஒரு சிக்கலுக்காகவே ஆர்எஃப்சி 1047 என்ற சிறு குறிப்பை எழுதினார்.

மறுமுயற்சியில் பழைய ஐடியே போனால், வாங்குகிற பக்கம் இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்ள வழி இருக்கிறது. புது ஐடி போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆக, அதே மெயிலை மறுபடி தள்ளும்போது அதே ஐடி. புதிதாக ஒன்று எழுதும்போது புது ஐடி. நினைவூட்டல் புதிதாக எழுதியது. அதில் ‘இன்-ரிப்ளை-டு’ வரியில் முதல் பில் மெயிலின் ஐடியைப் போட்டு அனுப்புங்கள். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நீங்கள் பில் நம்பரை வைத்துச் செய்ய நினைத்தது அதுதானே?

நேரத்தையும் ப்ராசஸ் எண்ணையும் சேர்த்தால் போதாதா? ஒரே நேரத்தில் ஒரே எண்ணோடு இரண்டு ப்ராசஸ் ஓட முடியாதே. ரேண்டம் எண் எதற்கு?
*கரூர் வாசகி*

நானும் இப்படித்தான் யோசித்தேன். அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, அன்றைக்கு எந்தச் சரக்கு கிளம்பியது என்று வெளிநாட்டு ஏஜெண்டுகள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு மெயில் போக வேண்டும். எல்லாவற்றிலும் கணக்குப் பிரிவின் பெரியவருக்கு ஒரு நகல். அதற்கான பெர்ல் ஸ்க்ரிப்டை நான்தான் எழுதினேன். ஐடி: நொடிக் கணக்கில் நேரம், ஒரு புள்ளி, ப்ராசஸ் எண், @, சர்வர் பெயர்.

ஏஜெண்டுகள் யாரும் குறை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரியவர் என் மேஜைக்கு வந்தார். எல்லா மெயிலையும் ப்ரிண்ட் எடுத்து ஃபைலில் கோக்கும் பழக்கம் அவருக்கு. “அம்மா, நாற்பது வர வேண்டிய இடத்தில் தினமும் ஆறோ ஏழோதான் வருது” என்றார். எனக்குத் தலை சுற்றியது. லாகில் நாற்பதும் போயிருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. நாற்பது மெயிலையும் அனுப்பியது ஒரே ப்ராசஸ், ஒரு லூப்பில். எண் மாறவில்லை. நாற்பதையும் அனுப்பி முடிக்க ஆறு நொடி ஆனது. ஆறு நொடி என்றால் ஆறு ஐடிதான். ஏஜெண்டுகள் ஆளுக்கு ஒன்றுதான் வாங்கியதால் யாருக்கும் இரட்டையாக வரவில்லை. நாற்பதும் வந்து சேரும் ஒரே பெட்டி பெரியவருடையது, அங்கே ஒவ்வொரு ஐடிக்கும் முதலில் வந்தது மட்டும் தங்கி, மற்றதெல்லாம் நகல் என்று விழுந்துவிட்டது. அவர் காகிதத்தை எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை மாதம் ஓடியிருக்குமோ.

அன்றைக்கு ஒரு எண்ணியை ஐடியில் சேர்த்துச் சரிசெய்தேன். இன்றைக்கு அதுவும் போதாது. புரோகிராமைத் தனி அறைபோல அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் ஓடும் முதன்மைப் புரோகிராமின் ப்ராசஸ் எண் பெரும்பாலும் 1. பத்துக் கன்டெய்னர் ஓடினால் பத்திலும் 1. ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் நிறுத்தினால் பெயரும் ஒன்றாகிவிடுகிறது. கடிகாரத்தையும் முழுதாக நம்ப முடியாது. மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் பல வருஷம் பின்னால் போய் நின்ற சர்வரைப் பார்த்திருக்கிறேன். போன நேரம் மறுபடி வந்தால் போன ஐடியும் மறுபடி வரும்.

நேரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நல்ல துணை. போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர், ஐடி இல்லாத மெயிலுக்குத் தானே வைக்கும் பெயரைப் பாருங்கள்: ஆண்டு முதல் நொடி வரை 14 இலக்கம், புள்ளி, தன் க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) அந்த மெயிலுக்குக் கொடுத்த எண், @, சர்வர் பெயர். அந்த க்யூ எண்ணின் குட்டை வடிவம், மெயில் கிளம்பிய பிறகு இன்னொரு மெயிலுக்குத் திரும்ப வரக்கூடியது. முன்னால் தேதி நிற்பதால் மொத்தப் பெயர் திரும்ப வராது. ஒன்றின் குறையை மற்றொன்று மூடுகிறது. ரேண்டம் எண்ணும் அப்படித்தான்.

ரேண்டம் எண் என்றாலே குருட்டு அதிர்ஷ்டம்தானே? மோதாது என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்? நான் கணக்கு ஆசிரியர், கணக்காகவே சொல்லுங்கள்.
*திருநெல்வேலி வாசகர்*

ஐயா, உங்கள் வகுப்பில் பிறந்தநாள் கணக்கு நடத்தியிருப்பீர்கள். 23 பிள்ளைகள் இருந்தால் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். இங்கேயும் அதே கணக்குதான். வகுப்பில் 365 நாள், இங்கே இரண்டின் அடுக்குகள்.

32 பிட் ரேண்டம் எண்ணில் 429 கோடிக்கு மேல் வாய்ப்புகள். கேட்கும்போது தாராளமாகத் தெரிகிறது. ஆனால் சுமார் 77,000 மெயில் போனாலே, அவற்றில் ஏதோ இரண்டு மோதியிருக்கும் வாய்ப்பு பாதி. ஒரு நடுத்தரக் கல்லூரி ஒரு வாரத்தில் அனுப்பிவிடும். 64 பிட் என்றால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 20 இலக்கம். பாதி வாய்ப்பு வர 500 கோடி மெயிலுக்கு மேல் வேண்டும். தினம் ஒரு லட்சம் மெயில் என்று பத்து வருஷம் அனுப்பினால் 36 கோடியே 50 லட்சம். அதில் ஒரு மோதலாவது நடக்க வாய்ப்பு நூற்றுக்கு அரை கூட இல்லை. இதோடு நேரத்தையும் சேர்த்துவிட்டால், ஒரே நொடியில் பிறந்த மெயில்கள் மட்டும்தான் தங்களுக்குள் மோத முடியும். அப்போது இந்தக் கணக்கே போட வேண்டியதில்லை.

இதெல்லாம் எண் உண்மையிலேயே சிதறி வந்தால்தான். பழைய சி புரோகிராம்களில், தொடங்கிய நொடியை விதையாகக் கொடுத்து ரேண்டம் எண் எடுப்பது வழக்கம். ஒரே நொடியில் தொடங்கிய இரண்டு புரோகிராம்கள் ஒரே வரிசையைத்தான் கக்கும், பிட் எத்தனை இருந்தாலும். விதையை நாமே போடாமல் ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் ரேண்டம் எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. லினக்ஸ் என்றால் அதன் பெயர் யூரேண்டம்.

@ குறிக்கு வலப்பக்கம் என்ன போடுவது? எங்களுடைய மெயில்களில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று போகிறது. உள்ளே இருக்கும் சர்வரின் பெயர் வெளியே தெரியவும் எனக்கு விருப்பமில்லை.
*யாழ்ப்பாண வாசகர்*

லோக்கல்ஹோஸ்ட் என்பது உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பெயர். தெருப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘எங்கள் வீடு’ என்று எழுதினது மாதிரி. வலப்பக்கம் உங்களுக்கே சொந்தமான டொமைனைப் போடுங்கள். இடப்பக்கம் மோதாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு, வலப்பக்கம் மோதாமல் பார்ப்பது டொமைனைப் பதிவுசெய்த ஏற்பாட்டின் பொறுப்பு; அந்த @ குறி பிரிக்கும் வேலை அதுதான். பார்க்க மெயில் முகவரி போலத் தெரிந்தாலும் இது முகவரி இல்லை. அந்தப் பெயரில் யாருக்கும் பெட்டி இருக்கத் தேவையில்லை, அந்தப் பெயரில் சர்வர் இருக்கவும் தேவையில்லை. உள்ளே இருக்கும் சர்வர் பெயரை மறைக்க உங்கள் டொமைனுக்குக் கீழே ‘மெயில்’ என்று ஒரு பொதுப் பெயர் போதும். பல சர்வர்கள் அதே பெயரைப் பகிர்ந்தால், இடப்பக்கம் 64 பிட்டுக்குக் குறையாத ரேண்டம் எண் கட்டாயம். அடுத்தவர் டொமைனை மட்டும் போடாதீர்கள். அங்கே என்ன ஐடிகள் பிறக்கின்றன என்று நமக்குத் தெரியாது.

ஜாவாவில் மெசேஜ் ஐடியை நானே செட் செய்கிறேன். போய்ச் சேரும் மெயிலில் வேறு ஐடி இருக்கிறது. யார் மாற்றுகிறார்கள்?
*ஓசூர் வாசகர்*

ஜாவாவில் மெயில் அனுப்பும் லைப்ரரியான ஜாவாமெயில்தான். அனுப்பும்போது அது ‘சேவ்சேஞ்சஸ்’ என்ற வேலையைச் செய்யும்; அதற்குள் ‘அப்டேட்மெசேஜ்ஐடி’ ஓடி, நீங்கள் வைத்த பெயரை அழித்துத் தன் பெயரை வைத்துவிடும். மைம்மெசேஜ் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் உங்கள் ஐடியை வைக்கும்படி மாற்றி எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் மாறினால், நடுவில் இருக்கும் அனுப்பும் சேவையைப் பாருங்கள். சில சேவைகள் நம் ஐடியை எடுத்துவிட்டுத் தங்களுடையதை வைக்கும். அப்போது அவர்கள் திருப்பித் தரும் எண்ணைச் சேமித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பதில் போடும்போது, நமக்குத் தெரியாத ஒரு ஐடிக்குப் பதில் வரும். உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, ஹெட்டரைத் திறந்து, டேட்டாபேஸில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

எங்கள் புகார்ப் பிரிவுக்கு வரும் மெயில்களுக்கு சாஃப்ட்வேர் பதில் அனுப்புகிறது. ஆனால் வாடிக்கையாளரின் பெட்டியில் ஒவ்வொரு பதிலும் தனித்தனியாக நிற்கிறது. சப்ஜெக்ட் ஒன்றுதான்.
*மதுரை வாசகி*

சப்ஜெக்ட் ஒன்றாக இருப்பது சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது. ‘பில்’ என்ற சப்ஜெக்டில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்! ‘ரெஃபரன்ஸஸ்’ என்ற வரியைப் பாருங்கள். வந்த மெயிலின் ரெஃபரன்ஸஸில் இருப்பதை அப்படியே எடுத்து, அதன் கடைசியில் வந்த மெயிலின் ஐடியைச் சேர்த்து, உங்கள் பதிலில் வைக்க வேண்டும். தாத்தா, அப்பா, பிள்ளை என்ற வரிசை. நடுவில் ஒரு மெயில் அழிந்துபோனாலும் வரிசை அறாது.

இதை வைத்து மெயில்களைக் கிளை கிளையாக அடுக்கும் முறையை பழைய நெட்ஸ்கேப் பிரவுசரின் மெயிலுக்காக ஜேமி ஜவின்ஸ்கி என்ற புரோகிராமர் எழுதினார். தாய் மெயில் பெட்டியிலேயே இல்லாவிட்டாலும் அவர் முறை அதற்கொரு காலி இடம் போட்டு, பிள்ளைகளை அதன் கீழே சேர்க்கும். நான் படித்த நிரல்முறைகளில் மனசுக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று. 2008இல், பெட்டியில் இருக்கும் மெயிலைப் படிக்க உதவும் ஐமேப் விதிகளில் மெயில்களை அடுக்கும் முறையாகவும் சேர்ந்தது. ஐடி ஒழுங்காக இல்லாத இடத்தில் அந்த அழகான வேலை எல்லாம் வீண்தான்.

யூயூஐடியை அப்படியே போட்டால் போதுமா?
*வேலூர் மாணவர்*

யூயூஐடி என்பது திரும்ப வராதபடி உருவாக்கும் அடையாள எண்; அதில் பல வகை உண்டு. நான்காம் வகை என்றால் தாராளமாக. 128 பிட்டில் 122 ரேண்டம். முதல் வகை வேண்டாம். அதில் 1582 அக்டோபர் 15, கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கிய நாள், அதிலிருந்து எண்ணிய நேரத்தோடு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்ணும் இருக்கும். பில் அனுப்பும் இயந்திரத்தின் கார்டு எண் எதற்கு ஊருக்கெல்லாம் போக வேண்டும்? கடைசியில் @ போட்டு உங்கள் டொமைனையும், இரு பக்கமும் < > குறிகளையும் மறக்காதீர்கள்.

எனக்கு வர வேண்டிய ஒரு முக்கியமான மெயில் வரவில்லை. அனுப்பியவர் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். எங்கள் ஆபீஸ் மெயில் அட்மினிடம் என்ன சொல்லிக் கேட்பது?
*தஞ்சாவூர் வாசகி*

அனுப்பியவரிடம் அவருடைய ‘செண்ட்’ பெட்டியில் அந்த மெயிலைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெட்டரைக் காட்டும் வசதி பெரும்பாலான மெயில்களில் உண்டு. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தினால் வரும். அதில் மெசேஜ் ஐடி என்று தொடங்கும் வரியைக் காப்பி பண்ணி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே வேண்டும். கையால் டைப் செய்தால் ஓவும் பூஜ்யமும் குழம்பிவிடும். அந்த ஒரு வரியை அட்மினிடம் கொடுங்கள். ‘போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாக்கில் ஒரு மெயில்’ என்று யாராவது வந்தால் நான் அரை நாள் தேடுவேன். ஐடியோடு வந்தவருக்கு, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பதில் சொல்லியிருக்கிறேன்: வந்தது, 2.14க்கு ஸ்பாம் பெட்டிக்குப் போனது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது.